ஜூ பார்க்க வந்த கமிட்டி

கமிட்டி ஓட்டுப் போடுவதற்கு முன்பே தொண்ணூற்றியொரு டி-ஷர்ட்டை அச்சடித்து வைத்துக்கொண்ட ஆள் வெர்னீதா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதுவும் பிப்ரவரி மாதமே. பாதி விலை, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்று கடைக்காரன் சொன்னதும் அவளுக்குக் கை பரபரத்துவிட்டது. இலைப் பச்சை நிறம்; நெஞ்சில் வெள்ளையாகக் கிளை விரித்த ஒரு மரம்; மரத்தடியில் பொடி எழுத்தில் ‘லாக்ரிட்ஜ் குடும்ப ஒன்றுகூடல், டாலன், ஓஹாயோ’. வருடத்துக்கு ஓர் ஊரில் கூடும் லாக்ரிட்ஜ் குடும்பம் இந்த வருடம் அவள் ஊரான டாலனுக்கு வரும் என்று அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

நாலு அட்டைப் பெட்டிகள் கார் ஷெட்டில் பழைய போர்வைக்கு அடியில் ஒளிந்திருந்தன. விஷயம் தெரிந்தவள் அவளுடைய அம்மா லூசில் மட்டும்தான். “புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வெச்சு, பள்ளிக்கூடத்துலயும் சேத்துட்டியாடி” என்று கேட்டுவிட்டு, லூசில் ஒரு சட்டையை மடியில் விரித்து அந்த மரத்தை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பயந்து நின்ற வெர்னீதா இன்னொரு சட்டையையும் எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

காரணம் இருக்கிறது. லூசிலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டரை வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்கவேண்டும். அதற்கப்புறம் நடந்த இரண்டு ஒன்றுகூடலுக்கும் அவளால் போக முடியவில்லை. கூடப் பிறந்த ஆறு பேரில் மிச்சம் இருப்பது நாலு பேர். அந்த நாலு பேரும் ஒரே போட்டோவில் நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. கைபேசியில் வரும் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ‘இவன் முடியெல்லாம் கொட்டிப் போச்சே, இவ யாரு புதுசா’ என்று லூசில் பார்த்துக்கொண்டிருப்பதை வெர்னீதா இரண்டு கோடைகாலம் பார்த்துவிட்டாள். மூன்றாவது தடவை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அம்மா போக முடியாது என்றால் குடும்பம் வரட்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

‘அம்மா மெஷின்ல இருக்கா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தொண்ணூறு பேரும் மறுநாளே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். அந்த வார்த்தையைத்தான் சொல்லக்கூடாது என்று லூசில் வாயைக் கட்டிவிட்டாள். உடன்பிறந்தவர்களிடம், ‘சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, டாக்டர் தூரப் பயணம் வேண்டாங்கறார்’ என்பதோடு சரி.

“பாவம்னு பாக்க யாரும் வரவேணாம். ஊரு நல்லாருக்கு, ஜூ நல்லாருக்குன்னு வந்தா வரட்டும். நீ வாயத் தொறந்தியோ, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது.”

ஆகவே எல்லாமே டாலன் நகரத்து மிருகக்காட்சிசாலையின் தலையில் விழுந்தது. குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு: ஒன்றுகூடல் நடத்தும் ஊரில், கைக்குழந்தையும் எண்பத்தெட்டு வயதுக்காரரும் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து இருக்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும். அதைக் கமிட்டி நேரில் வந்து பார்க்கவேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பேச்சை நம்பிப் போய், சனிக்கிழமை பூராவும் ஹோட்டல் வாசலில் உட்கார்ந்து ஏசி காற்று வாங்கிவிட்டுத் திரும்பினார்கள். அதிலிருந்து வந்த சட்டம். டாலனில் அப்படி ஓர் இடம் என்றால் ஜூ ஒன்றுதான். மார்ச் மாதம் வெர்னீதா தனியாகப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது போதும் என்று தைரியம் கொண்டிருந்தாள்.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுடைய காரின் பின்சீட்டில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. கமிட்டி என்பது மூன்று பேர். வெர்னீதாவைக் கழித்தால் இரண்டு. ஒன்று, தலைவி ஏர்லீன் பெரியம்மா. லூசிலுக்கு மூத்தவர், எழுபத்து மூன்று வயது, செயின்ட் லூயிஸிலிருந்து வந்திருந்தார். இன்னொன்று, டாலஸிலிருந்து வந்த கார்னெல், மாமாவின் பையன். கார்னெலுக்கு அவன் ஊர் வாட்டர் பார்க்கில் ஒன்றுகூடலை நடத்தவேண்டும். வெர்னீதாவும் அவனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பெரியம்மா போடுகிற ஓட்டுதான் முடிவு. சாயங்காலத்துக்குள் சொல்லியாகவேண்டும்.

“பெரியம்மா, ஒரு சின்ன விஷயம்” என்று வெர்னீதா ஒரு பச்சைச் சட்டையைத் தான் மாட்டிக்கொண்டு, முன்சீட்டிலிருந்து இன்னும் இரண்டை நீட்டினாள். “சும்மா மாதிரிக்குத்தான். போட்டுப் பாருங்க. ஆகஸ்ட்ல எப்படி இருக்கும்னு ஒரு இது.”

“ஓட்டே இன்னும் போடல” என்றார் பெரியம்மா.

“அதான் மாதிரிக்குன்னேனே.”

“அக்கா, உண்மையச் சொல்லு, எத்தன அடிச்ச?” என்றான் கார்னெல்.

“மூணுதான்டா. வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

பெரியம்மா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தார். துணி நல்ல துணி என்பதை அவராலும் மறுக்க முடியவில்லை. போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் மூவரையும் பார்த்துச் சிரித்து, வலது பக்கம் கையைக் காட்டினாள். “நீங்க டிக்கெட் எடுக்க வேணாம். அந்தச் சின்ன கேட் வழியா உள்ள போயிடுங்க.”

வெர்னீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மாவுக்குப் புரிந்த விதமே வேறு. அவர் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். “பக்கவாட்டு கேட்ல நுழையறத நான் நிறுத்தி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. மூணு டிக்கெட் குடு.”

பெரியம்மா பிறந்த தெற்கத்தி ஊரிலும் ஒரு ஜூ இருந்தது. அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கு எங்கே போனாலும் பக்கவாட்டு வாசல்தான்; ஜூவுக்கோ வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்த அவருடைய அம்மாவுக்கு லீவு கிடைத்த நாளும் அந்த நாளும் ஒருபோதும் ஒத்து வந்ததில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று சிங்கம் கத்துவதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய பிள்ளை அவர். பெரியவளானபின் எல்லாக் கதவும் திறந்தது. ஆனால் அவர் எந்த ஊர் ஜூவுக்கும் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவும் இல்லை. இதெல்லாம் வெர்னீதாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும்தான் இந்தச் சூதாட்டத்தில் இறங்கியிருந்தாள். அவளுக்கு வேறு சீட்டு கையில் இல்லை.

கேட்டைத் தாண்டி உள்ளே பத்தடி வைத்ததும் விஷயம் விளங்கிவிட்டது. குப்பைத்தொட்டி தள்ளிக்கொண்டு போன பையன் இலைப் பச்சைச் சட்டை போட்டிருந்தான், நெஞ்சில் வெள்ளை மரம். ஐஸ்கிரீம் வண்டிக்காரி இலைப் பச்சை, வெள்ளை மரம். ஜூவுக்குள் ஓடும் குட்டி ரயிலுக்குக் கொடியாட்டிய பெரியவர் இலைப் பச்சை, வெள்ளை மரம். மார்ச் மாதக் குளிரில் இவர்கள் எல்லாரும் பழுப்பு நிறக் கோட்டுக்குள் இருந்தார்கள். கோட்டுக்கு அடியில் என்ன நிறம் என்று வெர்னீதா எங்கே கண்டாள்.

கார்னெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். “ஐயோ அக்கா. தொண்ணூத்தியொரு பேரும் இத மாட்டிக்கிட்டு வந்தா, ஜூ நம்ம குடும்பத்துக்கே சம்பளம் குடுக்கணும்.”

வெர்னீதாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கார் ஷெட்டிலிருக்கும் நாலு பெட்டியும் கண் முன்னால் வந்து நின்றன. “பெரியம்மா, கழட்டிடலாமா?” என்றாள்.

“எதுக்கு? காசு குடுத்து வாங்கின சட்டை. வா, சிங்கத்தப் பாப்போம்.”

சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் என்றால் சாதாரணத் தூக்கமா. நாலு காலையும் மேலே போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் சோபாவில் சாய்ந்த சித்தப்பா மாதிரி வாயைத் திறந்துகொண்டு. பெரியம்மா கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். “இதுக்காகவா அந்தக் காலத்துல அழுதேன்” என்று மட்டும் சொன்னார்.

“பத்துக்கு ரெண்டு” என்று மார்க் போட்டான் கார்னெல்.

பனிக்கரடி முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பத்துக்கு ஒன்று. யானை தூரத்தில், ஒரு பெரிய கொட்டகை நிழலில், சாம்பல் நிறமாக ஏதோ. பத்துக்கு மூன்று, அதுவும் அத்தைக்காக என்றான். நடுநடுவே கைபேசியில் வாட்டர் பார்க் படத்தை எடுத்துப் பெரியம்மாவின் மூக்குக்குக் கீழே நீட்டினான். “பாருங்க அத்தை, எட்டு மாடி உயரம் சறுக்கு. அங்க எதுவும் தூங்காது.”

“அந்தச் சறுக்குல என்னை ஏத்திவிடுவியா?”

“நீங்க கீழ நாற்காலில உக்காந்துக்கலாம்.”

“நாற்காலிதான் செயின்ட் லூயிஸ்லயே இருக்கே.”

வெர்னீதா குறுக்கே புகுந்து எதையாவது சொல்லிப் பார்த்தாள். பாதை எல்லாம் சமதரை, சக்கர நாற்காலி எங்கும் போகும், நிழல் இருக்கிறது, குடும்பத்தோடு சாப்பிடப் பெரிய கொட்டகை இருக்கிறது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் என்பதால் பாத்ரூம் எத்தனை அடிக்கு ஒன்று என்பதுவரை அவளுக்குத் தெரியும். பெரியம்மா எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினார். அந்த ‘ம்’ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிடிபடவில்லை. இன்னொரு சிங்கம் இருந்து, அதுவாவது எழுந்து கர்ஜித்தால் தேவலை என்று வெர்னீதா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு நாலு பாதைகள் கூடும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே இருக்கவேண்டிய வழிகாட்டிப் பலகை பெயின்ட் அடிக்கப் போயிருந்தது. வெறும் கம்பம் மட்டும் நின்றது. கம்பத்தடியில் மூச்சு வாங்குவதற்காகப் பெரியம்மா நின்றார். நின்ற மறு நொடி, தள்ளுவண்டியோடு ஒரு தாய் ஓடி வந்தாள்.

“மேடம், பாத்ரூம் எந்தப் பக்கம்? அவசரம்.”

“நான் இங்க வேலை...” என்று ஆரம்பித்த பெரியம்மா, குழந்தையின் முகத்தைப் பார்த்தார். “வெர்னீதா, எந்தப் பக்கம்டி?”

“இடது பக்கம், ஆமை வீட்டுக்குப் பின்னால.”

“இடது பக்கம், ஆமை வீட்டுக்குப் பின்னால. வேகமாப் போம்மா.”

அவள் போவதற்குள் ஒரு தாத்தா. ரயில் எங்கே நிற்கும்? அவருக்கு அப்புறம் இரண்டு பெண்கள், குரங்கு எங்கே. அப்புறம் வழி தவறின ஒரு கும்பல், நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு. இரண்டாவது ஆளுக்கும் ‘நான் இங்கே வேலை செய்யவில்லை’ என்று சொல்லிப் பார்த்தார் பெரியம்மா. மூன்றாவது ஆளுக்குச் சொல்லவில்லை. வெர்னீதாவிடமிருந்து வரைபடத்தைப் பிடுங்கி, கண்ணாடியை மாட்டி, ஒரு தடவை மேலும் கீழும் படித்தார். படித்ததை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாற்பது வருடம் சர்ச்சில் இடம் காட்டுகிறவராக இருந்தவர் அவர். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, ஈஸ்டர் ஞாயிறன்று ஆயிரம் பேர் வந்தாலும் யார் எந்த பெஞ்சில் என்று ஒரு வார்த்தை பேசாமல் கையாலேயே உட்காரவைக்கிறவர். முழங்கால் போய்விட்டது, இனி நீங்கள் உட்கார்ந்தே இருங்கள் என்று புது பாஸ்டர் ஜனவரியில் சொல்லிவிட்டார். அந்தக் கை ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது.

இப்போது அது எழுந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியது. வலது கை வயிற்றுக்கு நேராக வந்து, உள்ளங்கை திறந்து, யானைப் பக்கம் நீண்டது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேர் அந்தக் கையைப் பார்த்ததும், ஏன் என்று கேட்காமல், வரிசையாக யானைப் பக்கம் திரும்பினார்கள். அவர்களுடைய டீச்சர் வாயைப் பிளந்தாள்.

“மெதுவா நடங்க. ஓடாதீங்க. யானை எங்கயும் போயிடாது” என்றார் பெரியம்மா. “தம்பி, உன் ஷூ கயிறு. கட்டு மொதல்ல.”

வெர்னீதாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சின்ன வயதில் சர்ச் வாசலில் பார்த்த அதே பெரியம்மா. முழங்கால் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற கிழவி எங்கே போனாரோ தெரியவில்லை. நாலு பாதையும் அவர் கையசைவுக்கு ஓடின, நின்றன. தள்ளுவண்டிக்கு ஒரு வழி, சக்கர நாற்காலிக்கு ஒரு வழி, அழுகிற குழந்தைக்கு ஐஸ்கிரீம் வண்டி. “சிங்கத்துக்கு இப்பப் போகாதீங்க, தூங்குது. மொதல்ல நீர்நாயப் பாத்துட்டு வாங்க” என்று வரிசையை மாற்றிவிடக்கூடத் தொடங்கினார். நீர்நாய் இருக்கிறது என்பதே அவருக்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் வரைபடத்தில் தெரிந்ததுதான்.

கார்னெலையும் விடவில்லை கூட்டம். ஒட்டகச்சிவிங்கி வேலியோரம் அவனைச் சுற்றிப் பத்துப் பொடிசுகள். அதன் நாக்கு எவ்வளவு நீளம் என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. கார்னெல் யோசிக்கவே இல்லை. “நாலு அடி” என்றான்.

இருபது அடி தள்ளி நின்ற பெரியம்மாவுக்கு எப்படிக் காது கேட்டதோ. “டேய் கார்னெல். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு புளுகாத. போய் பலகையப் படிச்சுட்டு வந்து சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்ப் படித்தான். ஒன்றரை அடிதான். வந்து திருத்திச் சொன்னான். அடுத்த கேள்வி வந்தது, மறுபடி போய்ப் படித்தான். அது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை என்று பலகையில் பார்த்ததும் அவனுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. “நான் சொல்லல? சிங்கத்துக்கும் சேத்து இதுதான் முழிச்சிருக்கு” என்று பிள்ளைகளிடம் அளந்தான். அப்போது ஒட்டகச்சிவிங்கி வேலிக்கு மேலாகக் கழுத்தை இறக்கி, வேலியோரம் பறித்து அவன் நீட்டியிருந்த இலையை அந்த ஒன்றரை அடி நாக்காலேயே சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. நாற்பத்தொரு வயது ஆம்பளை, பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினான். கைபேசி அவன் பையை விட்டு அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை.

ஒரு மணி சுமாருக்கு, வாக்கி-டாக்கியோடு ஒரு நெட்டை ஆள் வேகமாக வருவதை வெர்னீதா பார்த்தாள். மேற்பார்வையாளன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. போச்சு, வெளியே தள்ளப்போகிறான், ஓட்டு அத்தோடு டாலஸுக்கு என்று அவளுக்குத் தோன்றியது. முந்திக்கொண்டு ஓடினாள். “சார், மன்னிச்சுக்கங்க, சட்டை தப்பு என்னோடது...”

பெரியம்மா அவளைக் கையால் விலக்கினார். “தம்பி, நான் உங்க ஆளு இல்ல. டிக்கெட் எடுத்து வந்தவ. எல்லாரும் வழி கேட்டாங்க, சொன்னேன்.”

அந்த ஆள் பெரியம்மாவைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், நாலு பாதையிலும் முட்டல் மோதல் இல்லாமல் போய்க்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தான். “இந்த எடத்துல நிக்க வேண்டியவங்க ரெண்டு பேர் இன்னிக்கி வரல” என்றான். “காலைலேர்ந்து இங்க ஏன் சண்டையே வரலன்னு பாக்க வந்தேன். இன்னும் எவ்வளவு நேரம் இருப்பீங்க மேடம்?”

“என் கமிட்டிய கேட்டுச் சொல்றேன்” என்றார் பெரியம்மா.

கமிட்டி மூன்று மணிவரை இருந்தது. நடுவில் அந்த ஆள் அனுப்பிவைத்த எலுமிச்சை ஜூஸை நின்றபடியே குடித்தார்கள். மூன்று மணிக்குப் பெரியம்மாவின் முழங்கால் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தது. வெர்னீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. 

அந்தப் பேசாத நடைதான் வெர்னீதாவைக் கொன்றது. காலையிலிருந்து சந்தோஷத்தில் மறந்திருந்தது எல்லாம் திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கூட்டத்தை நடத்தியது பெரியம்மாவுக்குப் பிடித்திருக்கலாம். அதற்காகக் குடும்பத்தை இங்கே கொண்டுவருவார் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? பார்த்த மிருகம் நாலு, அதில் ஒன்று தூக்கம், ஒன்று முதுகு. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. அம்மா மெஷினில் இருக்கிறாள் பெரியம்மா, நேற்று இந்த ஜூன் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உங்களுக்குக் காபி கொடுத்தது கையில் இருக்கிற ஊசித் தழும்பை மறைக்கத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அத்தை, ஓட்டு?” என்றான் கார்னெல். அவன் தோளில் ஒட்டகச்சிவிங்கி எச்சில் காய்ந்திருந்தது.

“வெளிய போய்ப் பேசலாம்.”

வாசலுக்கு வெளியே, டிக்கெட் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. வேலைச் சீருடையோடு ஓர் இளம் அப்பா, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள், சக்கர நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா. போவதா வேண்டாமா என்று அவர்களுக்குள் ஏதோ வாதம். பச்சைச் சட்டையைக் கண்டதும் அந்த ஆள் நேராகப் பெரியம்மாவிடம் வந்தான்.

“மேடம், நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்க, இருந்தாலும் உண்மையச் சொல்லுங்க. மூட ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. இத்தன பேரக் கூட்டிக்கிட்டு உள்ள போறது தேவையா? இல்ல, வீட்டுக்கே போயிடலாமா?”

வெர்னீதா நின்ற இடத்திலேயே உறைந்துபோனாள். பெரியம்மாவுக்குப் பொய் வராது. சாவு வீட்டில்கூட வராது என்பது குடும்பத்துக்கே தெரியும்.

“சிங்கம் தூங்குது” என்றார் பெரியம்மா. “காலைலயும் தூங்குச்சு, இப்பயும் தூங்குது. பனிக்கரடியோட முதுகுதான் தெரியும். யானை எங்கயோ தூரத்துல நிக்குது. எலுமிச்சை ஜூஸ் விலை பகல் கொள்ளை, எனக்கு ஓசில குடுத்தாங்க. ஒட்டகச்சிவிங்கி உன் மேல எச்சில் வடிக்கும்.”

அந்த ஆளின் முகம் தொங்கிப்போனது. “அப்போ வேணாங்கறீங்க.”

“நான் இன்னும் முடிக்கல. என் வயசு எழுபத்து மூணு. சின்ன வயசுல என்னை உள்ள விடல, அதனால பெரியவளாயி நான் வரமாட்டேன்னு இருந்துட்டேன். இன்னிக்கி ஒம்பதரைக்கு உள்ள போனேன். நடுவுல ஒரு தடவகூட உக்காரல. முழங்கால் வெடிக்குது. ஆனா வீட்டுக்குப் போக மனசு வரல.” சக்கர நாற்காலியிலிருந்த அம்மாவைக் குனிந்து பார்த்துத் தொப்பியை நேராக்கிவிட்டார். “உங்கம்மாவுக்குப் பாதை பூரா சமதரை. எல்லாரும் சேந்து போகலாம், ஒருத்தரையும் வாசல்ல உட்டுட்டுப் போகவேண்டியதில்ல. நீங்க எத்தன பேரு?”

“ஆறு பேர்.”

“ஆறு பேருக்கா இவ்வளவு யோசன? நான் ஆகஸ்ட்ல தொண்ணூத்தியொரு பேரக் கூட்டிக்கிட்டு வரேன். போ, போய் டிக்கெட் எடு. நீர்நாய மொதல்ல பாரு.”

அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். வெர்னீதாவுக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச்சேர ஒரு நிமிடம் பிடித்தது. போய்ச் சேர்ந்ததும், நாற்பத்து நாலு வயதுப் பெண்மணி, கார் நிறுத்துமிடத்தின் நடுவில், பெரியம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். கார்னெல் இரண்டு கையையும் உயர்த்தி, “நானும் ஜூவுக்குத்தான். எழுதிக்கங்க, மூணுக்கு மூணு” என்றான்.

“எறக்குடி, முழங்கால். உங்கம்மாவுக்கு ஃபோன் போடு, நானே சொல்றேன்.”

வெர்னீதா எண்ணை அழுத்தி நீட்டினாள்.  இந்நேரம் அம்மா மெஷினிலிருந்து வந்து சோர்ந்து படுத்திருப்பாள்.

“லூசில், நான்தான். ஆகஸ்ட்ல நாங்க எல்லாரும் உன் ஊருக்கு வரோம். ஆமா, எல்லாரும். யாரும் ஒண்ணும் சொல்லல, நானே பாத்துட்டு முடிவு பண்ணினேன். நல்ல எடம். நீயும் எங்களோட ஜூவுக்கு வர்ற, அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சனிக்கிழமை. வெயிலு சுகருன்னு சாக்கு சொல்லாத... என்னது? சனிக்கிழமை என்ன?”

பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். வெர்னீதாவுக்கு மறுமுனைக் குரல் கேட்கவில்லை. ஆனால் அம்மா பேசிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

“என்ன மெஷின்?” என்றார் பெரியம்மா.

காலையிலிருந்து உட்காராதவர், பாதையோரச் சிமென்ட் திண்டில் மெல்ல உட்கார்ந்தார். “எப்பலேர்ந்து?” என்றார். பதில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். வெர்னீதாவின் கையைத் தேடிப் பிடித்து, விரல் வலிக்கும்படி இறுக்கினார்.

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “சரி, அழாத. கேளு. சனிக்கிழமை உனக்கு மெஷின்னா நாங்க ஞாயித்துக்கிழமை ஜூவுக்குப் போறோம். நீ இல்லாம ஒருத்தரும் உள்ள நுழையமாட்டோம். ஞாயித்துக்கிழமை சர்ச்ச சனிக்கிழமை வெச்சுக்கலாம். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். பாஸ்டர்தான் குதிப்பார், அவர நான் பாத்துக்கறேன்.”